வாசகர் கேள்வி – பதில்: வெயில் ஏறும் முன் தொட்டி நிறைய வேண்டும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் அணி ஹைபிரிட் ஆய்வு ராக்கெட் ஒன்றை வடிவமைத்துக் கட்டிவருவதையும், அந்த அணிக்கு நான் வழிகாட்டியாக இருப்பதையும் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஹைபிரிட் தக்காளி நாற்று எங்களுக்குத் தெரியும். ஹைபிரிட் ராக்கெட்டில் எதோடு எதைக் கலக்கிறார்கள்?
— விவசாயி, ராயக்கோட்டை

எதோடும் எதையும் கலப்பதில்லை. பற்றவைக்கும் நொடிவரை இரண்டு பொருள்களையும் தனித்தனியே வைத்திருப்பதே இதன் சிறப்பு. அந்த வகையில் பெயர் சற்று ஏமாற்றக்கூடியதுதான்.

எந்த ராக்கெட்டுக்கும் எரிபொருள் ஒன்றும், அதை எரியச் செய்யும் ஆக்சிஜனைத் தரும் பொருள் ஒன்றும் வேண்டும். தீபாவளி ராக்கெட்டில் இரண்டும் முன்கூட்டியே ஒரே மருந்தாகக் கலந்திருப்பதால், திரி பற்றிய பிறகு யாராலும் அதை நிறுத்த முடியாது. திரவ ராக்கெட்டில் இரண்டும் தனித்தனித் தொட்டிகளில் திரவமாக இருக்கும். அதை வேண்டும்போது நிறுத்தலாம் என்றாலும், குழாய்களும் வால்வுகளும் இரட்டிப்பாகிவிடும். ஹைபிரிட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எரிபொருள் ஒரு குழாயின் உட்சுவரில் திடமாக வார்க்கப்பட்டிருக்கும், ஆக்சிஜன் தரும் திரவம் மேலே ஒரு தொட்டியில் இருக்கும், இரண்டுக்கும் இடையில் ஒரு வால்வு இருக்கும். வால்வைத் திறந்தால் நெருப்பு வளரும், மூடினால் அடங்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1933 ஆகஸ்ட் 17 அன்று மாஸ்கோவுக்கு அருகே சோவியத் குழுவினர் ஏவிய கிர்த்-09 என்ற ராக்கெட், கூழாக்கிய பெட்ரோலையும் திரவ ஆக்சிஜனையும் கொண்டு ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் சென்றது. வடிவமைத்தவர் மிகயீல் தீகன்ராவவ். அந்தக் குழுவின் தலைவராக இருந்த செர்கேய் கரல்யோவ்தான் பின்னாளில் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியவர். 2004ஆம் ஆண்டில் மனிதரை ஏற்றிக்கொண்டு 100 கிலோமீட்டரைத் தாண்டிய தனியார் விமானமான ஸ்பேஸ்ஷிப்ஒன் ஓடியதும் ஹைபிரிட் எஞ்சினில்தான். நம் இஸ்ரோவும் 2022 செப்டம்பர் 20 அன்று மகேந்திரகிரியில் 30 கிலோநியூட்டன் ஹைபிரிட் மோட்டார் ஒன்றை 15 நொடிகள் எரித்துச் சோதித்தது.

ஆய்வு ராக்கெட் என்றால் எதை ஆய்வு செய்வது?
— ஆசிரியை, காவேரிப்பட்டணம்

ஆங்கிலத்தில் இதைச் 'சவுண்டிங் ராக்கெட்' என்பார்கள். அதற்கும் ஒலிக்கும் தொடர்பில்லை. மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பதற்கு வழங்கிய சொல் அது. கடலின் ஆழத்தைப் பார்ப்பதுபோல வானத்தின் உயரத்தைப் பார்க்கும் ராக்கெட் என்று கொள்ளலாம். பூமியைச் சுற்றாமல் நேரே மேலே போய், கருவிகளால் காற்றின் வெப்பம், அழுத்தம், வேகம் முதலியவற்றை அளந்துவிட்டு இறங்கிவிடும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழும்பி இந்திய விண்வெளிப் பணிக்குத் தொடக்கம் இட்ட நைக்-அப்பாச்சியும் ஆய்வு ராக்கெட்தான்.

என் மகள் உங்கள் அணியில் இருக்கிறாள். ஹைபிரிட் வெடிக்காது, முழுப் பாதுகாப்பானது என்கிறாள். நம்பலாமா?
— ஒரு தாய், பர்கூர்

அம்மா, பாதி நம்பலாம். மீதிப் பாதியை அவளும் அறிந்தவள்தான். உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று விட்டிருப்பாள்.

பாதுகாப்பானது எரிபொருள். நாங்கள் பயன்படுத்துவது பாரஃபின் மெழுகு. அதைக் கீழே போட்டாலும் சுத்தியலால் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. மருந்துக் கலவையை ஆலையில் அரைக்கும்போதோ மேசையில் அழுத்தும்போதோ ஏற்படும் விபத்துகளுக்கு இங்கே இடமே இல்லை. கல்லூரி அணிகள் உலகெங்கும் ஹைபிரிட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே முதற்காரணம்.

எங்கள் கவனமெல்லாம் குவிய வேண்டிய இடம் தொட்டி. அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது மருத்துவர்கள் மயக்கம் கொடுக்கப் பயன்படுத்தும் சிரிப்பு வாயு. அழுத்தத்தில் திரவமாகிவிடும், தன் ஆவியின் அழுத்தத்தாலேயே தன்னை எரியறைக்குள் தள்ளிக்கொள்ளும்; ஆகவே பம்பும் வேண்டாம், கடுங்குளிர்ச்சியும் வேண்டாம். இவ்வளவு நல்ல குணங்களோடு ஒரு தீய குணமும் அதற்கு உண்டு. சூடேறினாலோ தூண்டப்பட்டாலோ, எரிபொருள் எதுவும் அருகில் இல்லாதபோதும், தானே நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்து வெப்பத்தை வெளியிடும். திரவத்தைவிட அதன் ஆவி எளிதில் சிதையும். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் தொட்டிக்குள் போனால் இன்னும் எளிதில் சிதையும். 2007 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் மோஹாவி பாலைவனத்தில் நைட்ரஸைத் தீயில்லாமல் ஓடவிட்டுப் பார்த்த வெறும் ஓட்டச் சோதனையில் தொட்டி வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அங்கே எஞ்சின் எரியவே இல்லை என்பதை அணிக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் மேலைநாட்டுக் கையேடுகளில் ஓரமாகக் கிடக்கும் ஒரு எண் நம் ஊரில் நடுவில் வந்து நிற்கிறது. 36.4 டிகிரி செல்சியஸ் என்பது நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் என்ற ஒன்றே இருக்காது. 20 டிகிரியில் தொட்டியின் அழுத்தம் ஏறத்தாழ 50 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 30 டிகிரியில் 63 பார், 36 டிகிரியை நெருங்கும்போது 72 பார். அதைத் தாண்டிவிட்டால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பதை, தொட்டியில் எவ்வளவு நிரப்பினோம் என்பதே முடிவு செய்யும். நிறைய நிரப்பியிருந்தால் செங்குத்தாக ஏறும். திரவத்தின் அடர்த்தியும் 20 டிகிரியில் கன மீட்டருக்கு 785 கிலோ அளவில் இருப்பது 30 டிகிரியில் 700க்குக் கீழே இறங்கிவிடுவதால், அதே தொட்டிக்குள் கொள்ளும் சரக்கும் குறைகிறது. சித்திரை மாதத்தில் தர்மபுரியில் நிழலிலேயே 36 டிகிரி சாதாரணம். வெயிலில் நிற்கும் அலுமினியத் தொட்டியின் நிலையை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். (நைட்ரஸின் எடையில் ஆக்சிஜனின் பங்கும் நூற்றுக்கு 36.4. இரண்டும் ஒத்துப்போவது தற்செயல்தான் என்றாலும், மாணவர்கள் இரண்டையும் மறக்காமல் இருக்க உதவுகிறது.)

அதனால் எங்கள் சோதனைகள் விடியலில்தான் நடக்கும். சூரியன் எழுமுன் நிரப்பத் தொடங்கி, எட்டு மணிக்குள் எரிக்க வேண்டும் அல்லது வடிக்க வேண்டும். நிரப்பும் வால்வையும் வடிக்கும் வால்வையும் தொலைவிலிருந்தே இயக்குகிறோம். தொட்டியில் அழுத்தம் ஏறிய பிறகு ஒருவரும் அருகே போவதில்லை, வால்வு சிக்கிக்கொண்டாலும் போவதில்லை. ஒவ்வொரு தொட்டியையும் முதலில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிப் பார்க்கிறோம். தண்ணீர் சுருங்காது, ஆகவே தொட்டி கிழிந்தாலும் நனைவதோடு போகும். குழாய்களை எண்ணெய் நீக்கிக் கழுவுவது உங்கள் மகளின் பொறுப்பு. வீட்டில் பாத்திரம் தேய்க்க அவள் காட்டும் சோம்பலை அங்கே நான் கண்டதில்லை.

மருத்துவமனைக்கு வரும் நைட்ரஸ் சிலிண்டரையே வாங்கிப் பயன்படுத்தலாமா?
— மாணவர், ஊத்தங்கரை

நீல நிறம் பூசிய அந்தச் சிலிண்டரில் இருப்பதும் அதே வாயுதான். ஆனால் கல்லூரியின் பெயரில், உரிமம் பெற்ற வாயு விற்பனையாளரிடமிருந்து, பயனை எழுதிக் கொடுத்து வாங்குங்கள். சிலிண்டர்களை வைத்திருப்பதும் நிரப்புவதும் 2016ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக வடிக்க வேண்டும் என்று யாராவது சிலிண்டரைச் சூடேற்றச் சொன்னால், அந்த ஆளை அணியிலிருந்து நீக்குங்கள். மூடிய அறையில் திறக்காதீர்கள். விளையாட்டுக்காகக்கூட மூச்சில் இழுக்காதீர்கள்.

மெழுகுவர்த்தி மெழுகால் ராக்கெட் பறக்கிறது என்பது வேடிக்கையாக இருக்கிறது. ரப்பர்தான் எரிபொருள் என்று படித்திருக்கிறேனே?
— ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், தர்மபுரி

நீங்கள் படித்தது சரிதான் ஐயா. பல்லாண்டுகளாக எச்.டி.பி.பி. என்னும் ரப்பர் வகையே ஹைபிரிட்டின் வழக்கமான எரிபொருள். அதன் குறை, மிக மெதுவாக எரிவது. எரியும் பரப்பிலிருந்து எழும் எரிபொருள் ஆவியே ஒரு திரைபோல நின்று, சுடரின் வெப்பம் சுவரைத் தொடவிடாமல் தடுக்கிறது. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மட்டுமே சுவர் கரையும்போது, போதிய உந்துவிசை வேண்டுமானால் எரியும் பரப்பைக் கூட்ட வேண்டும். அதற்காக ஒரு துளைக்குப் பதில் வண்டிச் சக்கரம்போலப் பல துளைகள் போட்டார்கள். எரிந்துகொண்டே வரும்போது துளைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர்கள் உடைந்து, வாயு வெளியேறும் மூக்குக்குழலை அடைப்பது அதன் விளைவு.

1990களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆரிஃப் கரபெயோலு முதலானோர் மெழுகை இந்த நோக்கில் ஆராய்ந்தார்கள். மெழுகு எரியும்போது அதன் மேற்பரப்பில் மெல்லிய திரவப் படலம் உருவாகிறது. பாய்ந்து செல்லும் வாயு அந்தப் படலத்தில் அலை எழுப்பி, நுண்துளிகளைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஏரி நீரின் மேல் காற்று வீசும்போது அலையின் நுனியிலிருந்து தெறிக்கும் திவலையை நினைத்துக்கொள்ளுங்கள். துளிகளாகப் போகும் எரிபொருள் ஆவியாகி வெளியேறக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், மெழுகு ரப்பரைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகக் கரைகிறது. ஒரே ஒரு வட்டத் துளை போதும். எங்களைப் போன்ற சிறிய அணிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது வார்ப்பு அச்சைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மெழுகுக்கும் பிடிவாதம் உண்டு. உறையும்போது அதன் பருமன் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சுருங்குகிறது. சும்மா ஊற்றி ஆறவிட்டால் நடுவில் பள்ளம் விழும், உள்ளே விரிசல் ஓடும். விரிசலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு திடீரென்று கூடி அழுத்தம் எகிறும். ஆகவே குழாயைக் கிடைமட்டமாகச் சுழற்றிக்கொண்டே, உருகிய மெழுகைச் சிறுகச் சிறுக ஊற்றி உறையவிட வேண்டும்; சுழற்சியின் விசை மெழுகைச் சுவரோடு அழுத்த, நடுத்துளை தானாகவே அமைந்துவிடும். இதற்கென்று எந்திரம் வாங்க எங்களிடம் பணமில்லை. ஓசூரில் ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய லேத்தைக் கொடுக்கிறார்கள். வாகன உதிரிபாகங்களையே கடைந்து பழகிய அந்த மேஸ்திரி, முதல் நாள் எங்கள் குழாயைப் பார்த்துவிட்டு, இரண்டு முனைகளையும் தாங்காமல் சுழற்றினால் மெழுகு ஒரு பக்கம் தடித்துவிடும் என்று சொன்னார். எங்கள் கணினிப் படத்தில் அந்தத் தாங்கி இல்லை.

மெழுகோடு சிறிது கரித்தூளும் சேர்க்கிறோம். தூய மெழுகு ஒளியை ஊடுருவ விடுவதால் சுடரின் கதிர்வீச்சு ஆழம்வரை போய் உள்ளேயே இளக்கிவிடும். கருப்பாக்கினால் வெப்பம் மேற்பரப்போடு நிற்கும். வெளி வெப்பத்துக்கு மட்டும் மாற்றில்லை. சென்ற பங்குனியில் ஓசூரிலிருந்து மெழுகுக் குழாய்களை ஏற்றி வந்த வேனை மதிய உணவுக்காக வெயிலில் நிறுத்தினோம். மெழுகு அறுபது டிகிரியை ஒட்டித்தான் உருகும் என்றாலும் அதற்குப் பல டிகிரி முன்பே இளகத் தொடங்கிவிடும். சாப்பிட்டுத் திரும்பியபோது மூன்று குழாய்களில் இரண்டின் துளை வட்டமாக இல்லை. நான்தான் நிழல் தேடாமல் நிறுத்தச் சொன்னவன்.

உங்கள் ராக்கெட் எவ்வளவு உயரம் போகும்?
— பலர்

கணக்கைக் காட்டிவிடுகிறேன். நைட்ரஸ் 4 கிலோ, மெழுகு 600 கிராம், எரிந்து தீர்ந்தபின் எஞ்சும் ராக்கெட்டின் எடை 14 கிலோ. இந்த இணைக்கு மாணவர் அணியால் எட்டக்கூடிய செயல்திறனை (எரியும் சரக்கில் ஒரு கிலோ, ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையை எத்தனை நொடி தரும் என்ற அளவு) 180 நொடி என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டால், மொத்த உந்தம், அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு, 8,100 நியூட்டன்-நொடி அளவில் வரும். ஆறு நொடி எரிந்தால் சராசரி உந்துவிசை 1,350 நியூட்டன்; புறப்படும் எடையைப்போல ஏழு மடங்குக்கும் மேல் என்பதால் ஏவுதண்டவாளத்தை விட்டு நீங்கும்போதே வால் துடுப்புகள் வேலை செய்யும் வேகம் கிடைத்துவிடும். காற்றே இல்லாத உலகமாக இருந்தால் இது 10 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உடலைக் காற்று எதிர்க்கும் நம் உலகத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. காற்று எடுத்துக்கொள்ளும் இந்தப் பங்கைக் கேட்டதும் மாணவர்களின் முகம் வாடுவது ஆண்டுதோறும் நடப்பது.

ஊக்கம் வேண்டுவோருக்கு: நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்களின் ஸ்ட்ராட்டோஸ்-2 பிளஸ் 2015 அக்டோபரில் 21.5 கிலோமீட்டரும், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்களின் ஹெரோஸ்-3 2016 நவம்பரில் 32 கிலோமீட்டரும் சென்றன. அதே ஸ்டுட்கார்ட் அணியின் அடுத்த ராக்கெட் 2023 ஏப்ரலில் 64 கிலோமீட்டரை எட்டியது. மூன்றும் நைட்ரஸில் பறந்தவை. டெல்ஃப்ட் மாணவர்களின் ஸ்ட்ராட்டோஸ்-3 2018இல் புறப்பட்ட 20 நொடிகளில் வானிலேயே சிதறியதையும் சேர்த்தே படியுங்கள். அவர்கள் அதை மறைக்கவில்லை.

மாவட்டத்தில் காலி நிலத்துக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் இங்கேயே ஏவக் கூடாது?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

காலி நிலம் இருக்கிறது, காலி வானம் இல்லை. ஓசூர்ப் பக்கம் முழுவதும் பெங்களூருவின் விமானப் போக்குவரத்து நெருங்கிய வான்பகுதி. தெற்கிலும் மேற்கிலும் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் காப்புக்காடுகளும் இருக்கின்றன. கோடையில் காய்ந்த புல்லின்மேல் சூடான எஞ்சின் ஒன்று விழுவதையும், அதை எடுக்க யானைத் தடத்தில் மாணவர்கள் நடப்பதையும் நான் விரும்பவில்லை. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் பெரிய பாராசூட் விரிந்தால், மிதமான காற்றிலும் ராக்கெட் பல ஊர்களைக் கடந்து போய்விடும். அதற்காகவே உச்சியில் சிறு பாராசூட்டும், தரைக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது பெரியதும் விரியும்படி அமைக்கிறோம். அப்படியும் மாந்தோப்பு நடுவில் இறங்காது என்று உறுதி சொல்ல முடியாது.

அரசு சாரா விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி வழங்கவும் மேற்பார்வையிடவும் இன்-ஸ்பேஸ் என்னும் அமைப்பு இருக்கிறது. வான்வெளிக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும் தனித்தனியே முன் அனுமதி வேண்டும். கடற்கரைகளை எல்லாரும் தேடுவதற்குக் காரணம், கீழே கடல் இருப்பதுதான். 2024 ஆகஸ்ட் 24 அன்று தனியார் முயற்சியான ரூமி-1 ஹைபிரிட் ராக்கெட் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவிடந்தைக் கடற்கரையிலிருந்துதான் எழுந்தது. நம் மாவட்டத்துக்கு ஏற்றது கட்டுவதும், தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்ப்பதும்.

திப்புவின் ராக்கெட்டுகள் நம் கிருஷ்ணகிரி மண்ணில் பறந்தவைதானே? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே?
— வரலாற்று ஆர்வலர், கிருஷ்ணகிரி

கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை மைசூரின் ஆட்சியில் இருந்தது உண்மை. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் இரும்புக் குழாயால் ஆனவை என்பதும் உண்மை. காகிதக் குழாயைவிட இரும்பு அதிக அழுத்தம் தாங்கியதால்தான் அவை அவ்வளவு தூரம் போயின. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழங்கிணற்றிலிருந்து அப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் கிடைத்தன. ஆனால் அவை வெடிமருந்து ராக்கெட்டுகள். எங்கள் எஞ்சினோடு அவற்றுக்கு உள்ள உறவு, குழாய் கிழியக் கூடாது என்ற கவலை ஒன்றுதான்.

நானும் நண்பனும் சர்க்கரையும் உப்பும் கலந்து வீட்டிலேயே ராக்கெட் செய்யப் போகிறோம். அளவு சொல்லுங்கள்.
— பள்ளி மாணவர், அரூர்

சொல்ல மாட்டேன் தம்பி. நீ சொல்லும் உப்பு எது என்று எனக்குத் தெரியும், அதை அடுப்பில் கிளறும்போது என்ன நடக்கக்கூடும் என்பதும் தெரியும். உரிமமில்லாமல் அப்படிப்பட்ட கலவை செய்வது சட்டப்படியும் குற்றம். தண்ணீரையும் காற்றடிக்கும் பம்பையும் கொண்டு பிளாஸ்டிக் பாட்டில் ராக்கெட் செய்து, உங்கள் அறிவியல் ஆசிரியரின் முன்னிலையில் பறக்கவிட்டு, எவ்வளவு நீர் ஊற்றினால் எவ்வளவு உயரம் போகிறது என்று அட்டவணை போட்டு எனக்கு அனுப்பு. அதை இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.

எஞ்சின் எப்போது எரியும்? பார்க்க வரலாமா?
— வாசகி, பாலக்கோடு

இதுவரை நைட்ரஸைத் தீயில்லாமல் ஓடவிடும் சோதனைகளை மட்டுமே செய்திருக்கிறோம். ஐந்து முறை ஓட்டியதில் மூன்றில் தொட்டிக்கும் எரியறைக்கும் நடுவேயுள்ள உட்செலுத்தித் தட்டு நாங்கள் கணக்கிட்டதைவிட அதிகமாகத் திரவத்தை விட்டது. தட்டின் இருபுறமும் அழுத்த வேறுபாடு போதிய அளவு இல்லாவிட்டால், எரியறையில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் ஓட்டம் தடுமாறி எஞ்சின் விக்கத் தொடங்கும். இன்னும் மோசமானால் சுடர் மேல்நோக்கித் திரும்பும். ஆகவே துளைகளைச் சிறிதாக்கிப் புதிய தட்டு ஒன்றை ஓசூரில் கடையக் கொடுத்திருக்கிறோம்.

எரிப்புச் சோதனையைத் தை மாதத்தில் வைத்திருக்கிறோம். அதிலும் ஒரு இடர் உண்டு: அந்த மாதத்து விடியலில் தளிப் பக்கம் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது நைட்ரஸின் அழுத்தம் 45 பாருக்குக் குறைந்துவிடும், உந்துவிசையும் அதற்கேற்பக் குறையும். கோடையில் அதிகம், குளிரில் போதாது என்ற இந்த நிலையில், 20 டிகிரியை ஒட்டிய ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருப்பதே எங்கள் வேலை. பார்வையாளருக்கு அனுமதி இல்லை; மணல் மூட்டைச் சுவருக்குப் பின்னாலிருந்து நாங்களே கேமரா வழியாகத்தான் பார்ப்போம். உந்துவிசை வரைபடம் நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அதை அப்படியே மாசி இதழில் அச்சிடுகிறேன்.